டிலீட் செய்யலாமா: மூன்று வாரக் கணக்கு

2025 ஜூலை கடைசியில் ஒரு சனிக்கிழமை. டெக்சஸ் பிரென்ஹாமில் இருந்து 290 நெடுஞ்சாலையில் என் டீசல் பிக்கப்பில் வந்துகொண்டிருந்தேன். பின்னால் ட்ரெய்லரில் ஆடுகளுக்கான காய்ந்த புல், ஆறு பெரிய உருளைகள். ஒவ்வொன்றும் ஆயிரம் பவுண்டுக்குக் குறையாது. டேஷ்போர்டில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வரி எரிந்தது. இன்னும் 150 மைல், அதற்கப்புறம் வண்டி மணிக்கு 50 மைலுக்கு மேல் போகாது என்று. ஒவ்வொரு மைலுக்கும் அந்த எண் ஒன்று குறைந்தது. வீடு பக்கம்தான், வந்து சேர்ந்துவிட்டேன். ஆனால் அந்த வேகச் சாலையில், அத்தனை பாரத்தோடு, பின்னால் லாரிகள் வர வர வண்டி திடீரென்று சுணங்கினால் என்ன ஆகும் என்ற நினைப்பு இரவு முழுக்கப் போகவில்லை.

திங்கட்கிழமை பட்டறையில் காட்டினேன். டிபிஎஃப் என்கிற புகைக்கரி வடிகட்டி அடைத்துவிட்டது, புகையில் நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் நாக்ஸ் சென்சாரும் போய்விட்டது, எல்லாம் புதிதாக மாற்ற 7,400 டாலர் என்றார்கள். வாரன்டி முடிந்து ஒரு வருடம் ஆகிறது.

ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி என்ற ஊரில் இருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். எங்கள் வட்டாரத்தில் டீசல் பிக்கப் வைத்திருக்கும் தமிழர்கள் அதிகம் இல்லை, அவர் எனக்கு முன்னால் வாங்கியவர். "தம்பி, அந்தக் கழுதையைக் கழத்திப் போட்டுட்டு நிம்மதியா இருங்க. நான் மூணு வருசமா ஓட்டுதேன், ஒரு லைட்டு எரியல" என்றார். வடிகட்டியை எடுத்துவிட்டு நேரான பைப், இஜிஆர் என்கிற புகைச் சுழற்சி வழியை அடைக்க ஒரு தகடு, கம்ப்யூட்டரை ஏமாற்ற ஒரு ட்யூனர். இங்கே இதற்கு டிலீட் என்று பெயர். அவருக்கு மொத்தம் 2,900 டாலர் ஆனதாம்.

7,400 எங்கே, 2,900 எங்கே. ஒரு வாரம் நான் அண்ணாச்சி பக்கம்தான் இருந்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. அந்தப் பக்கத்தில் நியாயம் நிறையவே இருக்கிறது. இஜிஆர், புகையில் ஒரு பகுதியைத் திரும்ப என்ஜினுக்கே ஊட்டுகிறது. எரியும் சூடு குறைந்தால் நைட்ரஜன் ஆக்சைடு குறையும், உண்மைதான். ஆனால் அந்தக் கரியெல்லாம் காற்று போகும் வழியில் தார் மாதிரி படிகிறது. வடிகட்டியில் சேரும் கரியை எரிக்க வண்டி கூடுதல் டீசலைச் செலுத்தி, உள்ளே 600 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றுகிறது. அதற்கு ரீஜென் என்று பெயர். அந்த டீசல் மைலேஜில் இருந்துதான் போகிறது. இது போதாதென்று, புகையில் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க டெஃப் என்கிற திரவம் வேறு. 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்திகரித்த தண்ணீர். அதை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அதன் சென்சார் ஒன்று கெட்டாலும் வண்டி முடங்கும். என் சொந்தக் காசில் வாங்கிய வண்டியை நானே திறந்து சரிசெய்ய முடியாதபடி மென்பொருளால் பூட்டி வைத்திருப்பது எனக்கு இன்றைக்கும் கோபம் தருகிற விஷயம்.

பிடிபடுவேனா என்ற பயம் கணக்கிலேயே வரவில்லை. டெக்சஸில் 2025ல் புகைப் பரிசோதனை இருந்தது 17 கவுன்ட்டிகளில்தான், அதுவும் பெட்ரோல் வண்டிகளுக்கு மட்டும். டீசலுக்கு விலக்கு. 2025 ஜனவரியில் இருந்து சொந்த வண்டிகளுக்கான பாதுகாப்புப் பரிசோதனையும் கிடையாது. சட்டம் என்னவோ இருக்கிறது. கிளீன் ஏர் ஆக்ட் என்கிற அமெரிக்கத் தூய காற்றுச் சட்டப்படி இதைக் கழற்றுவதும் சட்டமீறல், கழற்ற உதவும் கருவியை விற்பதும் சட்டமீறல். ஆனால் என் வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்க ஒருவரும் வரப்போவதில்லை.

அந்த வாரம் என் மனத்தில் ஓடிய இன்னொரு வாதம் இது: பெரியவர்களே ஏமாற்றும்போது நான் மட்டும் ஏன்? 2013 முதல் 2019 வரை வந்த ராம் பிக்கப்புகளில் சுமார் 6,30,000 வண்டிகளின் என்ஜின்களில் பரிசோதனையை ஏய்க்கும் மென்பொருள் இருந்தது என்ற வழக்கில், அந்த என்ஜின்களைச் செய்த கம்மின்ஸ் நிறுவனம் 167.5 கோடி டாலர் அபராதம் கட்ட 2023 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. தவறு செய்ததாக அவர்கள் ஏற்கவில்லை, பணம் மட்டும் கட்டினார்கள். அவர்கள் அப்படி, என் ஒரு வண்டியால் வானம் இடிந்து விழுமா என்று தோன்றியது.

அப்பாவிடம் சொன்னேன். சங்ககிரியில் முப்பத்தைந்து வருடம் லாரிப் பட்டறை வைத்திருந்தவர். எடுத்ததும் அவரும் என் கட்சிதான். "பொகை போற வழிய அடைச்சு வெச்சா வண்டி எப்படி கண்ணு இழுக்கும்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே திரும்பக் கூப்பிட்டார்.

"ஏங்கண்ணு, அது எதனால அடைச்சுதுன்னு பாத்தியா?"

"பழசாயிடுச்சுப்பா."

"எத்தனை மைல் ஓடியிருக்குது?"

"எழுபத்தெட்டாயிரம்."

"அதெல்லாம் ஒரு ஓட்டமா? அடைப்ப எடுக்கறது வேற, அடைச்சது ஏன்னு பாக்கறது வேற. மொதல்ல அதப் பாரு."

அன்று இரவு பானட்டைத் திறந்து ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்தேன். ஆயில் மட்டம் மேல் கோட்டைத் தாண்டி இருந்தது. ஊற்றாமல் எப்படி ஏறும்? டீசல் கலந்திருக்கிறது. ரீஜென் பாதியில் நின்று, திரும்பத் தொடங்கி, திரும்ப நின்று, எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கியிருக்கிறது. பாதியில் நிறுத்தியது நான்தான். மகளின் பள்ளிக்கு நாலு மைல், தீவனக் கடைக்கு ஆறு மைல், குளிர்காலக் காலையில் இருபது நிமிடம் சும்மா உறும விடுவது. புகை சூடாகும் முன்பே சாவியைத் திருப்பியிருக்கிறேன், வருடக் கணக்கில். பாரம் இழுத்து ஓட வேண்டிய என்ஜினை ஸ்கூட்டர் மாதிரி ஓட்டியிருக்கிறேன்.

டெஃப்பிலும் தப்பு என்னுடையதே. தள்ளுபடியில் பத்துப் பெட்டி வாங்கித் தகரக் கொட்டகையில் அடுக்கியிருந்தேன். ஹூஸ்டன் வெயிலில் அந்தக் கொட்டகைக்குள் கை வைக்க முடியாது. யூரியா சூட்டில் அம்மோனியாவாகச் சிதையும். ஒரு பெட்டியைத் திறந்ததும் மூக்கில் ஏறியது.

அடுத்த ஞாயிறு அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். அவர் வண்டியின் சைலன்சர் பைப்புக்குள் விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தேன். கரி. நகக்கண் வரை கரி, எண்ணெய்ப் பிசுக்கோடு. சோப்பு போட்டும் இரண்டு நாள் போகவில்லை. பிறகு என் வண்டி பைப்புக்குள் விட்டேன். எழுபத்தெட்டாயிரம் மைல் ஓடிய டீசல் வண்டி, விரலில் லேசான சாம்பல் நிறத் தூசி மட்டும். அடைத்துப் போயிருந்த அந்த வடிகட்டிதான், அடைத்திருந்த நிலையிலும், அத்தனையையும் உள்ளே பிடித்து வைத்திருந்தது.

நான் எங்கே அந்தப் பைப்பை நிறுத்துகிறேன்? ஆட்டுக் கொட்டகைக்குள் பின்பக்கமாக ஏற்றி, என்ஜின் ஓட ஓடத் தீவனம் இறக்குகிறோம். மனைவி மூட்டையைப் பிடிக்க, மகள் குட்டிகளை ஒதுக்குவாள். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012லேயே முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. அந்தச் செய்தி எனக்குப் புதிதல்ல. என் கொட்டகையோடு சேர்த்து யோசித்ததுதான் புதிது.

'ஒரு வண்டி' என்ற கணக்கும் அப்போது உடைந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இபிஏ 2020 நவம்பரில் ஒரு மதிப்பீடு வெளியிட்டது. அதற்கு முந்தைய பத்தாண்டு வாக்கில் 5,50,000க்கும் அதிகமான டீசல் பிக்கப்புகளில் இப்படிக் கழற்றியிருக்கிறார்கள். அந்த ரக வண்டிகளில் சுமார் 15 சதவீதம். அவை வெளியிடும் கூடுதல் புகை, கழற்றாத 90 லட்சம் வண்டிகளைச் சாலையில் புதிதாக விட்டதற்குச் சமம். அந்த ஐந்தரை லட்சம் பேரில் ஒவ்வொருவரும் என்னைப் போலத்தான் 'ஒரு வண்டி' என்று நினைத்திருப்பார்கள்.

இதற்கிடையில், ஆகஸ்ட் 12 அன்று, இபிஏ தலைவர் லீ ஸெல்டின் அயோவா மாநிலச் சந்தையில் ஓர் அறிவிப்பு செய்தார். 2027 மாடலில் இருந்து டெஃப் தீர்ந்தாலும் வண்டி திடீரென்று சக்தி இழக்காதபடி தயாரிக்க வேண்டும், ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளின் மென்பொருளையும் திருத்துங்கள் என்று நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டார். நான் இதை மனதார வரவேற்கிறேன். பாரத்தோடு சாலையில் போகிறவனை முடக்குவது தண்டனை, அது பராமரிப்பு ஆகாது. எச்சரிக்கை கொடுங்கள், அவகாசம் கொடுங்கள், திறந்து சரிசெய்ய விடுங்கள். இவை கிடைத்தால் கழற்றுகிறவர்கள் பாதியாகக் குறைவார்கள் என்பது என் எண்ணம்.

கடைசியில் நேவசோட்டா பக்கம் ஒரு சின்னப் பட்டறையைப் பிடித்தேன். டிபிஎஃப்பைக் கழற்றி, சூளையில் வைத்துக் கரியை எரித்து, காற்றடித்துச் சாம்பலை எடுத்து, திரும்ப மாட்டினார்கள். கரி எரியும், ஆயிலில் இருந்து வரும் சாம்பல் எரியாது, அதை இப்படித்தான் எடுக்க வேண்டும் என்று அந்தப் பட்டறைப் பெரியவர் தட்டில் கொட்டிக் காட்டினார். நாக்ஸ் சென்சார் புதிது, டெஃப் டாங்க்கைக் காலி செய்து கழுவி நிரப்பியது, ஆயில் மாற்றம், எல்லாம் சேர்த்து 1,940 டாலர். மாற்றத்தான் வேண்டும் என்று முதல் பட்டறை சொன்ன அதே வடிகட்டி.

பள்ளிக்கு இப்போது மனைவியின் பழைய கேம்ரி கார் போகிறது. பிக்கப்பை வாரம் ஒருமுறை புல்லுக்காகவோ சும்மாவோ நெடுஞ்சாலையில் நாற்பது நிமிடம் ஓட்டுகிறேன். ரீஜென் நடக்கும்போது வீட்டு வாசல் வந்துவிட்டால் நிறுத்தாமல் இன்னொரு சுற்று போகிறேன். டெஃப் இரண்டு பெட்டிக்கு மேல் வாங்குவதில்லை. வீட்டுக்குள் துணி துவைக்கும் அறையில் வைக்கிறேன், பெட்டியில் தேதி பார்த்துத்தான் எடுக்கிறேன்.

அண்ணாச்சி இன்னும் கழற்றிய வண்டியைத்தான் ஓட்டுகிறார். போன மாதம் அதை விற்கப் பார்த்தார். பழைய பாகங்களைத் திரும்ப மாட்டினால்தான் எடுத்துக்கொள்வோம் என்று இரண்டு டீலர்கள் சொல்லிவிட்டார்களாம். மூன்று வருடம் முன்பு கழற்றிய வடிகட்டியை அந்தக் கடைக்காரரிடமே விட்டுவிட்டு வந்திருக்கிறார். பழையது ஒன்று கிடைக்குமா என்று நேவசோட்டா பெரியவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.