பல்பு எரிகிறதா?

ஏழாம் வகுப்பு படிக்கும் மகன் போன வாரம் அறிவியல் பரீட்சைத் தாளைக் கொண்டுவந்து நீட்டினான். ‘மின்விளக்கு எரிதல் எவ்வகை மாற்றம்?’ என்ற கேள்விக்கு ‘வேதியியல் மாற்றம்’ என்று எழுதியிருக்கிறான். சிவப்பு மையில் பெருக்கல் குறி. ஏன்டா இப்படி எழுதினாய் என்று கேட்டால், “எரியிறதுன்னாலே வேதியியல் மாற்றம்னு நீதானேம்மா சொல்லிக்குடுத்தே” என்கிறான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. தமிழில் விறகும் எரிகிறது, அகல் விளக்கும் எரிகிறது, பல்பும் எரிகிறது. திரிக்கு இருந்த சொல்லை அப்படியே கரண்டுக்கும் கொடுத்துவிட்டோம். ஊதி அணைத்த காலம் போய்ச் சுவிட்சு வந்த பிறகும் ‘லைட்டை அணை’ என்றுதான் வாயில் வருகிறது.

என் அப்பா கோவில்பட்டியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். கூடவே பல்பு, ஹோல்டர், சோக் வியாபாரமும் உண்டு. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் குண்டு பல்பு வாங்க வருகிறவர்களுக்கு டெஸ்ட் போர்டில் போட்டுக் காட்டுவது என் வேலை. பல்புக்குள் இருப்பது டங்ஸ்டன் இழை. சுமார் 2500 டிகிரி வரை காய்ந்து வெளிச்சம் விடும். அது உருக வேண்டுமென்றால் 3422 டிகிரி ஆக வேண்டும். அத்தனை சூட்டிலும் அது எரிந்துபோகாததற்குக் காரணம், கண்ணாடிக்குள் ஆக்சிஜன் கிடையாது. ஆர்கானும் கொஞ்சம் நைட்ரஜனும் அடைத்திருப்பார்கள். சுவிட்சைத் தட்டினால் ஆறிப்போய்ப் பழையபடி டங்ஸ்டனாகவே நிற்கும். கொல்லன் பட்டறையில் இரும்பு பழுக்கிற மாதிரிதான். அங்கே காற்று படுவதால் இரும்பிலிருந்து செதிலாவது உதிரும், இங்கே அதுவும் இல்லை.

ஒருநாள் அட்டைப்பெட்டி கீழே விழுந்துவிட்டது. உடையாத பல்புகளை மட்டும் எடுத்து ஒவ்வொன்றாக டெஸ்ட் போர்டில் போட்டுப் பார்த்தேன். அதில் ஒன்றின் கழுத்தில் மயிரிழை மாதிரி விரிசல் இருந்ததை நான் கவனிக்கவில்லை. சுவிட்சைப் போட்டதும் பளிச்சென்று ஒரு வெட்டு வெட்டி, உள்ளே புகை சுழன்றது. கண்ணாடியின் உட்புறமெல்லாம் திருநீறு பூசின மாதிரி வெள்ளை படிந்துவிட்டது. பயந்துபோய்க் கையை இழுத்துக்கொண்டேன். அப்பா அதைக் கழற்றி ஆட்டிப் பார்த்துவிட்டு, “இப்பதான் பாப்பா, பல்பு நெசமாவே எரிஞ்சிருக்கு” என்றார். விரிசல் வழியாகக் காற்று புகுந்து, டங்ஸ்டனும் ஆக்சிஜனும் சேர்ந்து டங்ஸ்டன் ஆக்சைடு ஆகிவிட்டது. அந்த வெள்ளைதான் வேதியியல் மாற்றம்.

சரி, மகனின் விடை தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நோட்டில் அதற்கு எழுதிப்போட்டிருந்த காரணம்தான் எனக்கு உறுத்தியது: ‘மீளும் மாற்றம் என்பதால் இது இயற்பியல் மாற்றம்.’

அப்படியென்றால் ஃபியூஸ் போன பல்பை எதில் சேர்ப்பது? எரிய எரிய இழையிலிருந்து டங்ஸ்டன் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக் கண்ணாடியில் கறுப்பாகப் படியும். இழை மெலிந்த இடத்தில் ஒருநாள் அறுந்துவிடும். படிந்த கறுப்பும் டங்ஸ்டன்தான், புதுப்பொருள் எதுவும் உண்டாகவில்லை. மீளவே மீளாது, ஆனாலும் இயற்பியல் மாற்றம். (அறுந்த பல்பை மெதுவாகச் சாய்த்துச் சாய்த்து இரண்டு நுனியையும் கொக்கி போட வைத்து எரியவிடும் வித்தை எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். இழை குட்டையாகிவிடுவதால் முன்னைவிடப் பிரகாசமாக எரியும். அதனாலேயே சீக்கிரம் போய்ச் சேரும்.)

இதற்கு நேரெதிர், எங்கள் ஹாலில் சோபாவுக்குப் பக்கத்தில் இருக்கும் இன்வெர்ட்டர் பேட்டரி. ஒன்றுக்கு 2 வோல்ட் வீதம் ஆறு அறை, மொத்தம் 12. கரண்ட் போய் ஃபேன் ஓடும்போது உள்ளே ஈயத் தகடும் ஈய டைஆக்சைடு தகடும் கந்தக அமிலத்தோடு சேர்ந்து ஈய சல்பேட்டாகின்றன, ஆசிட் நீர்த்துப்போகிறது. கரண்ட் வந்து சார்ஜ் ஏறினால் சல்பேட் திரும்பவும் ஈயமும் ஈய டைஆக்சைடுமாகிறது, ஆசிட்டும் பழைய கெட்டிக்கு வருகிறது. நாள் தவறாமல் போய்விட்டுத் திரும்பி வருகிற இது சுத்தமான வேதியியல் மாற்றம். சார்ஜ் இறங்கின பேட்டரியை மாதக்கணக்கில் அப்படியே போட்டு வைத்தால் மட்டும் சல்பேட் இறுகி, திரும்பி வர மறுத்துவிடும். ஊருக்குப் போகும்போது இன்வெர்ட்டரை அணைத்துவிட்டுப் போய் ஒரு பேட்டரியை நான் தொலைத்தது இப்படித்தான். பொருள் மாறியதா என்று கேட்டால் போதும். திரும்பி வருமா என்பது வேறு கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை மகனைக் கூப்பிட்டு மூடியைத் திறந்து காட்டினேன். சார்ஜ் ஏறிக்கொண்டிருந்ததால் சின்னச் சின்னக் குமிழ்கள். “தண்ணி கொதிக்குதாம்மா?” என்றான். கொதிக்கவில்லை, கரண்டு தண்ணீரை ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரிக்கிறது, அதனால்தான் மாதாமாதம் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுகிறோம், தீக்குச்சியோடு பக்கத்தில் வரக்கூடாது என்றேன். எட்டிப் பார்த்தவன் சட்டையை மூடிமேல் உரசிவிட்டான். அப்போது ஒன்றும் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை துவைத்து உதறும்போது வயிற்றுப் பக்கம் நான்கு ஓட்டை. பள்ளிக்கூடச் சட்டை வேறு.