கடாரத்துக் கரையிலிருந்து கடல்நாகைக்கு

பினாங்கிலிருந்து தமிழ்நாட்டுக்குக் கோயில் யாத்திரை போகிறவர்களின் பட்டியலில் திருநள்ளாறு கட்டாயம் இருக்கும். அப்புறம் திருக்கடையூர், வைத்தீஸ்வரன் கோயில், சிதம்பரம். நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் போகிற நம்மவர்களும் நிறைய. நாகூர் ஆண்டவர் பேரில் நம் சூலியா ஸ்திரீட்டிலேயே ஒரு தர்கா உண்டே. ஆனால் நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் நடுவிலிருக்கும் நாகப்பட்டினத்தில் வேன் நிற்பது பெரும்பாலும் சாப்பாட்டுக்குத்தான். எனக்கு இது நெடுநாள் மனக்குறை. நம் பாட்டன் பூட்டன் கப்பலேறிய ஊர் அது. அதற்கும் 900 வருடங்களுக்கு முன்னால், கடாரத்து (இன்றைய கெடா) அரசன் கோயிலுக்கு நகை கொடுத்தனுப்பிய ஊர்.

அதனால் இந்தத் தடவை நாகைக்கென்றே கிளம்பினோம். நான், அம்மா, எங்கள் தேவார வகுப்பு அக்காமார் இரண்டு பேர். சென்னையில் இறங்கி, எழும்பூரில் இரவு ரயிலுக்குக் காத்திருந்த நேரத்தில் பக்கத்து அருங்காட்சியகத்துக்குப் போய் நாகப்பட்டினத்துப் புத்தர் சிலைகளைப் பார்த்தோம். 1856 தொடங்கி அந்த ஊர் மண்ணிலிருந்து 300-க்கும் மேற்பட்ட புத்தச் செப்புத் திருமேனிகள் கிடைத்திருக்கின்றன. சைவ யாத்திரையைப் புத்தரிடம் தொடங்குவதா என்று ஒரு அக்கா தயங்கினார். நாகையைப் பொறுத்தவரை அதுதான் சரியான தொடக்கம் என்பது என் எண்ணம்.

காலையில் காயாரோகண சுவாமி கோயிலுக்குப் போனபோது கூட்டமே இல்லை. சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடிய தலம் இது. புண்டரீக முனிவரை இறைவன் உடலோடு தன்னிடம் சேர்த்துக்கொண்டதாகத் தலபுராணம் சொல்கிறது. அர்ச்சனைத் தட்டை வாங்கிய வயதான குருக்கள் அம்மாவிடம், "எந்த ஊரும்மா?" என்றார்.

"மலேசியா, சாமி. பினாங்கு."

"அப்போ கடாரத்துக்குப் பக்கம்னு சொல்லுங்க. உங்க ராஜா கொடுத்ததெல்லாம் இங்க கல்வெட்டுல இருக்கே!"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். குருக்கள் சொன்னது நிஜம். இராஜேந்திர சோழன் ஆட்சியின் தொடக்க ஆண்டுகளில், கடாரத்தையும் ஆண்ட ஸ்ரீவிஜய அரசனின் ஆட்கள் இந்தக் கோயிலுக்கு நகைகளும் விளக்குகளும் சீனக்கனகமும் கொடுத்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. சீனத்துப் பொன் கடாரத்தார் கைவழியாக நாகைச் சிவனுக்குப் போயிருக்கிறது. நாம் தினமும் பட்டர்வொர்த் பக்கம் போகும்போது, வானம் தெளிவாக இருந்தால் வடக்கே ஜெராய் மலை தெரியும். அந்தக் காலத்து மாலுமிகள் அடையாளம் பார்த்துக் கரை சேர்ந்த மலை அது. அதன் அடிவாரத்து பூஜாங் பள்ளத்தாக்கில்தான் கடாரத்தின் கோயில் அடித்தளங்கள் இன்றும் இருக்கின்றன. 1786-ல் பிரான்சிஸ் லைட் வரும் வரைக்கும் பினாங்கும் கெடாவுக்குச் சொந்தமான தீவுதான். குருக்கள் எங்களைக் கடாரத்தோடு சேர்த்ததில் என்ன தவறு?

அந்த உறவு நகையோடு நிற்கவில்லை. ஸ்ரீவிஜயத்துக்கும் கடாரத்துக்கும் அரசனான ஸ்ரீமாறவிஜயோத்துங்கவர்மன், தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரில் நாகையில் ஒரு புத்த விகாரம் எழுப்பினான். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய அதே இராஜராஜன், அந்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடுத்தான். அதைச் செப்பேட்டில் பொறிக்கச் செய்தவன் மகன் இராஜேந்திரன். சோழ முத்திரை வளையத்தில் கோத்த 21 ஏடுகள். டச்சுக்காரர்கள் மூலம் ஹாலந்துக்குப் போய் லெய்டன் நகரைச் சேர்ந்ததால் அவற்றுக்கு லெய்டன் செப்பேடுகள் என்றும் பெயர்.

அதே இராஜேந்திரன் 1025 வாக்கில் கடற்படை அனுப்பிக் கடாரத்தை அடித்தான். 'கடாரங்கொண்டான்' என்ற பட்டத்தைப் பள்ளியில் பெருமையாகப் படித்தோம். நாகையில் நின்று யோசித்தபோது எனக்கு அந்தப் பட்டத்தைவிட ஆனைமங்கலத்துத் தானம்தான் பெரிதாகப் பட்டது. சிவனடியானான அரசன் புத்தருக்கு ஊர் கொடுக்கிறான், புத்தரை வணங்கும் அரசன் சிவனுக்குப் பொன் அனுப்புகிறான். படையெடுப்புக்குப் பிறகும் விகாரம் இருந்தது. முதலாம் குலோத்துங்கன் அதற்கு மறுபடியும் உரிமைகளை உறுதிசெய்து தனிச் செப்பேடு கொடுத்தான். அந்த இடத்தில் கடைசியாக மிஞ்சி நின்ற கோபுரம், கப்பல்காரர்களுக்குக் கரையடையாளமாக இருந்தது, 1867-ல் இடிக்கப்பட்டது. இன்றைக்கு அங்கே போய்க் கும்பிட ஒரு கல்கூட இல்லையே என்று மனது கனக்கிறது.

நீலாயதாட்சி அம்மன் சந்நிதியில் நாங்கள் நெடுநேரம் இருந்தோம். காஞ்சியில் காமாட்சி, மதுரையில் மீனாட்சி, காசியில் விசாலாட்சி என்ற வரிசையில் நாகைக்கு இவள். கருந்தடங்கண்ணி என்பது தமிழ்ப் பெயர். கன்னிப் பருவத்தில் இருப்பவள் என்பதால் ஆடிப்பூரம் இங்கே பெரிய திருவிழா. என் தாத்தா கப்பலேறும் முன்னால் இந்த அம்மனைக் கும்பிட்டுவிட்டு வந்ததாகச் சொல்வார். ராஜூலா கப்பலில் வந்தவர் அவர். சென்னையில் புறப்பட்டு, நாகையில் ஆளேற்றி, பினாங்கில் இறக்கி, கிள்ளான், சிங்கப்பூர் என்று போகும் கப்பல். அந்தத் தலைமுறையில் ராஜூலா என்ற பெயரைக் கேட்காத குடும்பம் நம் பக்கம் குறைவு. தோட்டத்துக்கு வந்த தாத்தா திரும்பிப் போகவே இல்லை. அம்மா சந்நிதியில், "அப்பா அனுப்பிச்சாருன்னு வெச்சுக்கம்மா" என்று சொல்லி வளையலும் மஞ்சள் கயிறும் கொடுத்தார். அக்காமார் இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும்தான்.

இங்குள்ள தியாகராஜர், அதாவது சிவபெருமான், சுந்தர விடங்கர் என்ற பெயர் கொண்டவர். சப்த விடங்கத் தலங்கள் ஏழில், ஒவ்வொரு ஊரிலும் பெருமானுக்கு ஒரு நடனம் உண்டு. துறைமுகமான நாகையில் ஆடுவது கடல் அலையின் ஆட்டம். அங்கே உட்கார்ந்து சுந்தரர் பதிகத்தைப் பாடினோம். அதில் அவர் முத்தாரம் கேட்கிறார், வயிரக்கோவை கேட்கிறார், கத்தூரி மணக்கும் சாந்து கேட்கிறார். தோழன் என்ற உரிமையில் கேட்கிறார் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு இன்னொன்றும் தோன்றியது. இதெல்லாம் துறைமுகத்தில் வந்து இறங்குகிற சரக்கு. எந்த ஊரில் நின்று, எந்தச் சாமியிடம் என்ன கேட்கலாம் என்பது நம்பியாரூரரான சுந்தரருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

சௌந்தரராஜப் பெருமாள் கோயில் திருமங்கையாழ்வார் பாடிய திவ்யதேசம். நின்ற கோலத்து அழகைக் கண் நிறையப் பார்த்துவிட்டுக் கடற்கரைக்கு நடந்தோம்.

அதிபத்த நாயனார் ஊர் இதுதான். நுளைப்பாடி மீனவர். வலையில் விழும் மீன்களில் ஒன்றை நாள்தோறும் சிவனுக்கென்று கடலில் விட்டவர். ஒரே மீன் அகப்பட்ட நாட்களிலும் அதை விட்டுவிட்டுப் பட்டினி கிடந்தார். ஒரு நாள் அகப்பட்ட அந்த ஒரே மீன் பொன்மீன். அதையும் விட்டார். ஆவணி ஆயில்யத்தில் அவருக்குக் குருபூசை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டிலேயே அதிகம் பேரை இழந்த மாவட்டம் நாகை. அதே நாள் அதே கடல் நம் பினாங்கின் பத்து பெரிங்கி, பூலாவ் பெத்தோங் கரைகளிலும் ஏறியது. அம்மா இருபக்கத்தாருக்கும் சேர்த்துக் கடலில் பூப்போட்டார்.

சாயங்காலம் சிக்கல். நாகையிலிருந்து கூப்பிடு தூரம்தான். 'சிக்கலில் வேல் வாங்கி, செந்தூரில் சூரசம்ஹாரம்' என்பார்கள். கந்தசஷ்டியில் அன்னையிடம் வேல் வாங்கும் நேரத்தில் சிங்காரவேலர் திருமேனியில் வியர்வை அரும்பும் என்பது அங்கே பக்தர்கள் உருகிச் சொல்வது. பினாங்குத் தண்ணீர்மலை முருகனுக்குக் காவடி எடுக்கிற நம்மவர்கள் அவசியம் பார்க்க வேண்டிய சந்நிதி.

யாத்திரை ஏற்பாடு செய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால், காலையிலேயே காயாரோகணரையும் பெருமாளையும் தரிசித்துவிட வேண்டும். சாப்பிட்டு ஓய்வெடுத்து, கடற்கரை, சிக்கல் என்று போனால் ஒரே நாளில் நிதானமாக முடியும். திருநள்ளாறு மறுநாள் இருக்கட்டும். எங்கள் தேவார வகுப்பில் அடுத்த ஆடிப்பூரத்துக்கு நாகை என்று இப்போதே பெயர் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். வளையல் வாங்கும் பொறுப்பை அம்மா எடுத்துக்கொண்டிருக்கிறார்.