வழிகாட்டியிடம் விடைத்தாளோடு போங்கள்

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, "உங்களுக்கு நல்ல மென்டர் எப்படிக் கிடைத்தார்?" என்றுதான். கிடைத்தவரிடம் என்ன கற்றேன், எப்படிக் கற்றேன் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கென்னவோ அதுதான் முக்கியமாகப் படுகிறது.

எனக்கு வழிகாட்டியவர் அதே தேர்வை முன்பே எழுதித் தேறியவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வேலைக்குப் போய்க்கொண்டிருந்ததால் அவருக்கு நேரம் குறைவு. எந்தப் புத்தகம் வாங்கலாம், தினமும் எத்தனை மணி நேரம் படிக்கலாம் என்று கேட்டால் பதிலே வராது. "மாதிரித் தேர்வு எழுதின தாளைக் கொண்டு வா" என்பார். கொடுத்தால் மதிப்பெண்ணைப் பார்க்கமாட்டார். நேராகத் தவறான விடைகளுக்குப் போய், ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலால் ஓர் எழுத்துப் போடுவார். தெரியாததற்குத் 'தெ', படித்து மறந்ததற்கு 'ம', கேள்வியைச் சரியாக வாசிக்காததற்குக் 'கே', நேரம் போதாததற்கு 'நே'. எது என்று என்னையே சொல்லச் சொல்வார். மழுப்பினால் அடுத்த கேள்விக்கு நகரமாட்டார்.

நான்குக்கும் வைத்தியம் வேறு வேறு. 'கே' அதிகமாக இருப்பவர் எத்தனை பாடம் படித்தாலும், "பின்வருவனவற்றுள் தவறானது எது?" என்ற இடத்தில் சரியானதைக் குறித்துவிட்டுத்தான் வருவார். அவருக்குத் தேவை, கேள்வியின் கடைசிச் சொல்லை அடிக்கோடிடும் பழக்கம். 'நே' இருந்தால் கடிகாரம் வைத்துப் பழக வேண்டும். புத்தகத்தைத் திறக்க வேண்டியது 'தெ'வுக்கு மட்டும்தான்.

'ம'வில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். மறந்ததை மறுபடி வாசிக்கிறார்கள். வாசிக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோல இருக்கும். 2006-ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் 5 நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, வாசித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்திருந்தவர்கள் முந்தினார்கள். தேர்வு யாருக்கும் 5 நிமிடத்தில் வருவதில்லை அல்லவா?

வழிகாட்டியால் ஆகிற வேலைக்கும் ஓர் அளவு உண்டு. நன்னூல் இதைக் கணக்காகவே போட்டிருக்கிறது. ஆசான் சொன்னதை முழுக்க வாங்கிக்கொண்டாலும் புலமையில் கால் பங்குதான் வரும். உடன் பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரை, பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது. ஆசானிடமே முழுசையும் எதிர்பார்ப்பவர்கள்தான் மென்டரை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்பது என் கணிப்பு.

அந்த அரைப் பங்கு என்னவென்று எனக்குப் புரிந்தது நிகழ்தகவில். பின்னால் படிக்க வந்த ஒருவர், "ஏன் ஓரிடத்தில் கூட்டுகிறோம், ஓரிடத்தில் பெருக்குகிறோம்?" என்று கேட்டார். சூத்திரம் வாயில் நின்றது, காரணம் வரவில்லை. இரண்டு பகடைகளுக்கு 36 கட்டம் வரைந்தேன். முதல் பகடையில் 2, இரண்டாவதில் 5 என்றால் ஒரே கட்டம். 1/6-ஐ 1/6-ஆல் பெருக்கியது அதுதான். முதல் பகடையில் 2 அல்லது 5 என்றால் இரண்டு முழு வரிசை, 12 கட்டம், அது கூட்டல். அவருக்காக வரைந்த படத்தில் எனக்கே அப்போதுதான் விளங்கியது.

வழிகாட்டி கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். உடன் படிப்பவரோடு தாளை மாற்றிக்கொண்டு ஒருவருக்கொருவர் எழுத்துப் போடுங்கள். இருவருக்கும் பிடிபடாத 'தெ'க்களை மட்டும் ஒரு தாளில் சேர்த்து, எந்த வரிவரை வந்தீர்கள், எங்கே நின்றீர்கள் என்பதையும் எழுதி, தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோங்கள். அப்படிப் போனால் நேரமில்லாதவர்கூட உட்கார்ந்து பார்ப்பார்.