மச்சானுக்குப் பிடித்த ரோடும் பெரியப்பா மிதித்த பிரேக்கும்

சித்திரை லீவுக்கு அக்காவும் மச்சானும் ஓசூரிலிருந்து புது காரில் வந்து இறங்கினார்கள். மச்சான் கதவைத் திறந்து, இடுப்பில் கை வைத்துப் பின்னால் வளைந்து நிமிர்ந்து, முதலில் சொன்னது "ரோடுன்னா அது ரோடு" என்பதுதான். தண்ணீர் கேட்டதெல்லாம் அப்புறம்.

எந்த ரோடு என்று யாரும் கேட்கவில்லை. அவரே சொன்னார். ஓசூரில் நாற்பத்து நாலாம் நம்பரில் ஏறினால் கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், கரூர், திண்டுக்கல் என்று மதுரை வரை ஒரே இழுப்பு. ஸ்ரீநகரில் ஆரம்பித்துக் கன்னியாகுமரியில் முடிகிற, நாட்டிலேயே நீளமான நெடுஞ்சாலை. "கியர்ல கை வைக்கவே வேண்டாம் மாமா" என்றார் பெரியப்பாவிடம். மதுரையிலிருந்து பரமக்குடி வரைக்கும்கூட நாலு வழி என்பதால் அதற்கும் பாஸ் மார்க் போட்டார். அதற்கப்புறம் முதுகுளத்தூர், கடலாடி வழியாக எங்கள் சாயல்குடிக்கு வந்த கதையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. மாமனார் ஊர் ரோட்டைக் குறை சொல்லக்கூடாது என்கிற மரியாதை. சொல்ல வேண்டியதை எல்லாம் இடுப்பு சொல்லிவிட்டது.

பெரியப்பா அரசு பஸ்ஸில் முப்பது வருஷம் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா காலத்துக்குப் பிறகு மச்சானுக்கு மாமனார் ஸ்தானத்தில் அவர்தான். அதனால் மாப்பிள்ளையை எதிர்த்து ஒன்றும் பேச மாட்டார். பேச வேண்டியது இருந்தால் என்னைப் பார்த்துப் பேசுவார். எங்கள் வீட்டில் அது பல வருஷத்து ஏற்பாடு.

"டேய், ஏழாம் நம்பர் ரோடு நல்ல ரோடுதான், இல்லங்கல. தொப்பூர் இறக்கத்தைப் பத்தி மாப்ளை ஒண்ணும் சொல்லலையேடா" என்றார் என்னிடம்.

நெடுஞ்சாலைகளுக்கெல்லாம் நம்பர் மாற்றி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. பெரியப்பாவுக்கு அது இன்னும் ஏழுதான். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போகும் ரோடு இன்னும் நாற்பத்தொன்பதுதான். எண்பத்தேழு என்று நான் ஒருமுறை திருத்தியபோது, "அது ஒங்களுக்கு" என்று முடித்துவிட்டார்.

ராத்திரி திண்ணையில் விஷயம் பெரிதானது. எதை வைத்து ஒரு ரோட்டை நல்ல ரோடு என்பது? மச்சான் கணக்கு சுலபம்: குறுக்கே யாரும் வரக்கூடாது, நூறில் போனாலும் ஸ்டியரிங் ஆடக்கூடாது, சாப்பிட நிறுத்துகிற இடத்தில் கக்கூஸ் சுத்தமாக இருக்க வேண்டும். பக்கத்து வீட்டு அண்ணன் கீழக்கரைப் பக்கமிருந்து மீன் வண்டி ஓட்டுகிறவர். அவருக்கு ஒரே அளவுகோல் வேகத்தடை. "ஒவ்வொரு தடையிலயும் ஒரு சட்டி ஐஸ் தண்ணி ரோட்டுல ஊத்துது. பின்னால பைக்குல வர்றவன் என்னையத்தான் வையிறான்" என்றார். பெரியப்பாவின் அளவுகோல்தான் விசித்திரம். அவருக்குச் சூரியன் எங்கே நிற்கிறது என்பது முக்கியம்.

சாயல்குடியிலிருந்து ராமநாதபுரம் போகும் ரோடு கிட்டத்தட்டக் கிழக்கே போகிறது. காலை டிரிப் எடுத்தால் சூரியன் நேராக மூஞ்சியில். சாயங்காலம் திரும்பினால் அதே சூரியன் மேற்கே இறங்கி நின்றுகொண்டு மறுபடியும் மூஞ்சியில். "இந்த ரோட்டப் போட்டவன் பஸ் ஓட்டுனவன் இல்லடா" என்று சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் லைட் வெளிச்சத்தில் நீட்டினார். இடது கை மாநிறம். ஜன்னல் பக்கம் இருந்த வலது கை முழங்கைக்குக் கீழே கருப்பட்டி நிறம். ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் ஆகியும் இரண்டும் ஒரே ஆளின் கை மாதிரி ஆகவில்லை.

அப்படியானால் அவருக்குப் பிடிக்காத ரோடு இதுதான் என்று நினைத்தேன். இல்லையாம். பிடித்த ரோடும் இதுதானாம்.

மறுநாள் தனுஷ்கோடி போவதாக முடிவானது. காலை ஆறரைக்குக் கிளம்பினோம். மச்சான் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டார். பெரியப்பா முன்சீட்டில், அவருக்கு இடது பக்கம். பின்னால் நான், அக்கா, அக்கா பையன். சாயல்குடி பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. மச்சான் பிரேக்கை மிதிப்பதற்கு அரை நொடி முன்னால் பெரியப்பாவின் வலது கால் கீழே கிடந்த ரப்பர் மேட்டை ஓங்கி மிதித்தது. மேட் அமுங்கி, "பொத்" என்று ஒரு சத்தம். அக்கா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். அன்று முழுக்க எனக்கு அதுதான் கணக்கு: மச்சான் ஒரு பிரேக் பிடித்தால் பெரியப்பா மூன்று பிடித்திருப்பார்.

ஈ.சி.ஆர். என்றதும் பையனுக்குக் கண் விரிந்திருந்தது. சென்னையில் அவன் பார்த்த ஈ.சி.ஆர். வேறு. இங்கே இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், நடுநடுவே பனை, கரி ஏற்றிப் போகும் லாரி, மறுபடியும் சீமைக்கருவேலம்.

"கடல் எங்க தாத்தா?"

"தெக்க."

"ஈஸ்ட் கோஸ்ட் ரோடுன்னா கடல் ஈஸ்ட்லதானே இருக்கணும்?"

பெரியப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "கரை இங்கிட்டு வளைஞ்சு போகுது தம்பி. போர்டு எழுதுனவன் வளையல" என்றார். உண்மைதான். சாயல்குடியிலிருந்து மண்டபம் வரைக்கும் மன்னார் வளைகுடா எங்களுக்குத் தெற்கே கிடக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடலும் தெரிவதில்லை, இருக்கிற கடலும் கிழக்கே இல்லை.

வழியில் பதநீருக்கு நிறுத்தினோம். பனையோலைப் பட்டையில் ஊற்றிக் கொடுத்ததை மச்சான் இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துவிட்டு இன்னொன்று வாங்கினார். "டேய், நாப்பத்து நாலுல பதநி ஊத்துறாங்களாமா?" என்று பெரியப்பா என்னிடம் விசாரித்தார். மச்சான் பதில் சொல்லவில்லை. வாயில் பட்டை இருந்தது.

வாலிநோக்கம் போகிற வழி பிரிவதைத் தாண்டியதும் ரோட்டோரம் சிவப்பாகத் தெரிந்தது. மிளகாய். எங்கள் ராமநாதபுரம் குண்டு மிளகாய், 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது. குறியீடு வாங்கினாலும் காய்வது என்னவோ தார் ரோட்டில்தான். மிளகாய்க்கும் வண்டிகளுக்கும் நடுவே எல்லை போட்டு வரிசையாகக் கல் வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றும் தேங்காய் அளவு. மச்சான் வலது பக்கம் ஒதுங்கினால் எதிரே டவுன் பஸ், இடது பக்கம் ஒதுங்கினால் கல். ஏ.சி. வழியாக நெடி உள்ளே வந்து ஐந்து பேரும் தும்மினோம். தும்மும்போதுகூடப் பெரியப்பாவின் கால் மேட்டை விட்டு எடுக்கவில்லை.

அதற்கடுத்து ஏர்வாடி விலக்குக்கு முன்னால் செம்மறிக் கிடை. ஆடு மேய்க்கிற கீதாரி தோளில் கம்பைக் குறுக்கே போட்டு, அதில் இரண்டு கையையும் தொங்கவிட்டு, நெடுஞ்சாலைத் துறையே தன் கைவசம் இருப்பதுபோல் நடந்து வந்தார். மச்சான் ஹாரன் அடித்தார். ஒரு ஆடு நின்று திரும்பிப் பார்த்தது, அது நின்றதால் இருநூறும் நின்றன.

"டேய், ஆட்டுக்கு ஹாரன் அடிச்சா அது நிக்கும். அடிக்காம உருட்டிக்கிட்டே போனா விலகும். இத யாராச்சும் மாப்ளைட்ட சொல்லக் கூடாதா?"

யாராச்சும் என்றால் நான்தான். நான் சொன்னேன். மச்சான் உருட்டினார். விலகியது.

கீழக்கரை, திருப்புல்லாணி வேகமாகப் போய்விட்டன. ராமநாதபுரத்தில் பட்டணம்காத்தான் முக்கில் டீ. பரமக்குடியிலிருந்து ராமநாதபுரம் வரையிலான 46.7 கிலோமீட்டரையும் நாலு வழியாக்க மத்திய அமைச்சரவை 2025 ஜூலையில் ஒப்புதல் கொடுத்துவிட்டது என்று மச்சான் அங்கே தெம்பாகச் சொன்னார். பெரியப்பா டீக்கடைக்காரரைப் பார்த்து, "அப்ப ஒன் கடை எந்தப் பக்கம்யா வரும்?" என்று கேட்டார். டீக்கடைக்காரர் அவரை முறைத்தார்.

உச்சிப்புளியில் நெரிசல், வேறொன்றும் இல்லை. மண்டபம் தாண்டிப் பாம்பன் பாலத்தில் ஏறியதும்தான் பையனுக்குக் கடல் கிடைத்தது, அதுவும் இரண்டு பக்கமும். 2.345 கிலோமீட்டர் நீளம், 1988 அக்டோபர் 2ஆம் தேதி திறந்தது. அதற்கு முன்னால் பஸ் மண்டபத்தோடு சரி, தீவுக்குப் போக ரயில் ஏற வேண்டும். திறந்த புதிதில் பஸ் ஓட்டிப்போன நாளைப் பெரியப்பா சொல்ல ஆரம்பித்தார். "பாதிப் பாலத்துல காத்து ஒரு தள்ளு தள்ளுச்சு பாரு, கண்டக்டர் டிக்கெட் கிழிக்கிறத விட்டுட்டு கம்பியப் பிடிச்சான்." முன்னால் போன நான்கு கார்கள் நிற்கக்கூடாத இடத்தில் நின்றுவிட்டதால் கதையை முழுசாகக் கேட்க முடிந்தது. ரோட்டுப் பாலத்தில் நிற்கிற எல்லோரும் பார்ப்பது பக்கத்து ரயில் பாலத்தை. புதுப் பாலம், 2025 ஏப்ரலில் திறந்தது, கப்பல் போவதற்காக நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே மேலே ஏறும். அன்றைக்கு ஏறவில்லை. ஏறும் ஏறும் என்று கால் மணி நேரம் நின்றார்கள்.

முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்புறம் மச்சான் முகம் மாறியது. அங்கிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர், 2017 ஜூலையில் திறந்த ரோடு. நூல் பிடித்த மாதிரி நேர். ஆடு இல்லை, மிளகாய் இல்லை, வேகத்தடை இல்லை. இடது பக்கம் பெண்கடல் சட்டித் தண்ணீர்போல அசையாமல் கிடக்க, வலது பக்கம் ஆண்கடல் உறுமிக்கொண்டிருந்தது. கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டு, "இதுதான் மாமா ரோடு" என்றார் மச்சான். தொண்டை கரகரத்தது.

"நிக்க ஒரு ஸ்டாப் இல்ல, ஏற ஒரு ஆள் இல்ல, போய்ச் சேர ஒரு ஊர் இல்ல" என்றார் பெரியப்பா என்னிடம். "இதுல வண்டி ஓட்டி யாருகிட்டடா டிக்கெட் குடுக்கிறது?"

ஊர் இருந்தது, 1964 டிசம்பர் புயல்வரை. மிச்சமிருக்கும் சர்ச் சுவரைப் பார்க்க மச்சான் வண்டியை ஓரம் கட்டினார். ஓரம் என்று அவர் நினைத்தது மணல். நாங்கள் சுற்றிவிட்டு, நன்னாரி சர்பத் குடித்துவிட்டு வந்து கிளப்பினால் முன்சக்கரம் சுற்றியது, வண்டி அசையவில்லை. மச்சான் ஆக்ஸிலேட்டரை அழுத்தினார். சக்கரம் குழி தோண்டி அதில் உட்கார்ந்துகொண்டது.

இப்போதுதான் பெரியப்பா முதல்முறையாக மாப்பிள்ளையிடம் நேராகப் பேசினார். "மாப்ளை, கால எடுங்க." ரோடு வருவதற்கு முன்னால் இந்த மணலில் ஆட்களை ஏற்றிக்கொண்டு வேன்கள் ஓடிய காலத்தில், அதில் ஓட்டிய சிநேகிதர் அவருக்கு இருந்தார். கீழே குனிந்து, சாவி முனையால் வால்வை அழுத்தி முன்டயர் இரண்டிலும் பாதிக் காற்றை இறக்கினார். சங்கு விற்கிற அம்மா ஒருத்தி கடைக்குள்ளிருந்தே, "மேட்ட எடுத்து முன்னால குடுங்க" என்று ஆலோசனை சொன்னார். முன்சீட்டு மேட் இரண்டையும் உருவிச் சக்கரத்துக்கு அடியில் செருகினோம். நான் பின்னாலிருந்து தள்ளினேன். வண்டி ஒரு உறுமு உறுமி எகிறி ரோட்டில் ஏறியது. இடது பக்கத்து மேட், அதாவது பெரியப்பா காலையிலிருந்து பிரேக் பிடித்த அதே மேட், சக்கரத்திலிருந்து வில்லாகக் கிளம்பி என் முழங்காலில் அறைந்தது. வாய் நிறைய மணல். சங்கு அம்மா அன்று சிரித்ததுபோல் யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை.

மேட் கிழிந்து டிக்கிக்குப் போனது. ராமேஸ்வரம் வரை உருட்டிக்கொண்டு வந்து காற்று அடித்தோம், சாப்பிட்டோம், கிளம்பினோம். முதல் திருப்பத்திலேயே "டக்" என்று சத்தம். மேட் இல்லாத தரையில் பெரியப்பாவின் செருப்பு. அடுத்த திருப்பத்தில் "டக்". ஒரு ஆட்டோ குறுக்கே வந்தது, "டக் டக்". வண்டிக்கு அடியில் ஏதோ தட்டுகிறது என்று மச்சான் இரண்டு தடவை இறங்கிக் குனிந்து பார்த்தார். மூன்றாவது தடவை அவர் பார்த்தது பெரியப்பாவின் காலை.

தங்கச்சிமடத்தில் ஓரம் கட்டினார். நல்ல தார் மேலேயே. "மாமா, நீங்களே ஓட்டுங்களேன்."

"டேய், மாப்ளை சொன்னா தட்டக் கூடாதுல்ல?" என்று என்னிடம் கேட்டபோதே அவர் இறங்கி வண்டியைப் பாதி சுற்றி வந்திருந்தார். நான்கு டயரையும் காலால் தட்டினார். ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். நான் பின்னாலிருந்து "ரைட்" என்றேன்.

பாம்பன் பாலத்தில் முப்பத்தைந்து. கண்ணாடியில் பார்த்தால் எங்களுக்குப் பின்னால் ஒரு கல்யாண ஊர்வலம் அளவுக்கு வண்டிகள். ராமநாதபுரம் தாண்டி ஈ.சி.ஆரில் திரும்பியபோது சூரியன் சரியாக மூஞ்சியில் வந்து உட்கார்ந்தது. பெரியப்பா ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வலது முழங்கையை ஜன்னலில் வைத்து, முப்பது வருஷத்துப் பழைய ஆளாகிவிட்டார். ஏர்வாடி விலக்குக்கு அப்புறம் காலையில் பார்த்த அதே கிடை, அதே கீதாரி, தோளில் அதே கம்பு. பெரியப்பா ஹாரன் அடிக்கவில்லை, வேகத்தையும் குறைக்கவில்லை, உருட்டிக்கொண்டே போனார்.

"டக்."

அக்கா என்னைப் பார்த்தாள். பெரியப்பா ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"டேய், அந்தப் பக்கம் பிரேக் கெடையாதுன்னு மாப்ளைட்ட சொல்லு."