4,000 ஆப்ஷன் சரி, எத்தனையில் 4,000?

2022 தொடக்கத்தில் சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு சின்ன ஸ்டார்ட்அப்பில் ஆறாவது ஆளாகக் கூப்பிட்டார்கள். நான் வாங்கிக்கொண்டிருந்தது வருடம் 24 லட்சம், அவர்கள் சொன்னது 17 லட்சமும் 4,000 ஈசாப் ஆப்ஷனும், அதாவது கம்பெனிப் பங்கை முன்பே குறித்த விலைக்குப் பின்னால் வாங்கிக்கொள்ள ஊழியருக்குத் தரும் உரிமை. அதற்குச் சில மாதம் முன்புதான் ஃப்ரெஷ்வொர்க்ஸ் நாஸ்டாக்கில் பட்டியலாகி, இங்கே 500 பேருக்கு மேல் கோடீஸ்வரர் ஆனார்கள் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள், எனக்கும் ஆசை வந்துவிட்டது.

கையெழுத்துக்கு முன்னால் சிஏ நண்பன் ஒருவனிடம் காட்டினேன். "4,000 சரிடா, மொத்தம் எத்தனையில?" என்றான். எனக்குத் தெரியவில்லை. நிறுவனரிடமே கேட்டேன். முதலீட்டாளர் பங்கு, ஊழியர்களுக்கென ஒதுக்கிவைத்த ஈசாப் பூல் எல்லாம் சேர்த்து 10 லட்சம் பங்கு என்றார், அதாவது என்னுடையது 0.4 சதவீதம். கடைசியாக முதலீடு வாங்கிய ரவுண்டில் கம்பெனி மதிப்பு 40 கோடி, அதில் இது 16 லட்சம், அதுவும் காகிதத்தில். நான் விட்டுக்கொடுப்பதோ நான்கு வருடத்தில் 28 லட்சம். இன்னும் இரண்டு ரவுண்டு பணம் வாங்கி, ஒவ்வொன்றிலும் புதுப் பங்கு வெளியிடுவதால் என் பங்கு 20 சதவீதம் கரைந்தால் 0.4 என்பது 0.256 ஆகும், அப்புறம் கம்பெனி 109 கோடியைத் தாண்டினால்தான் விட்ட சம்பளமே திரும்பும். இதை அப்படியே எழுதிக் காட்டினேன். கோபப்படுவார் என்று நினைத்தேன், பொறுமையாகப் பார்த்தார். 1 சதவீதம் கேட்டேன், 0.75-இல் முடிந்தது, அதாவது 7,500 ஆப்ஷன். இது நான்கு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெஸ்ட் ஆகும், அதாவது என் கைக்கு உரிமையாகும்; முதல் ஒரு வருடம் எதுவும் வெஸ்ட் ஆகாது, அது கம்பெனிச் சட்டத்திலேயே இருப்பதால் அதில் பேரம் பேச ஒன்றுமில்லை.

ஆனால் என்னை நிஜமாகப் பயமுறுத்தியது கடிதத்தின் கடைசிப் பக்கம்தான்: வேலையை விட்டால் 90 நாளுக்குள் பணம் கட்டி ஆப்ஷனைப் பங்காக மாற்றிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் போய்விடும். ஒரு பங்குக்கு 10 ரூபாய், 7,500-க்கு 75 ஆயிரம், அதைக் கட்டிவிடலாம். வரிதான் சிக்கல். மாற்றும் நாளில் மெர்ச்சன்ட் பேங்கர் (பங்கை மதிப்பிட்டுச் சொல்பவர்) போடும் விலை 400 என்று வைத்தால், வித்தியாசம் 29.25 லட்சம், அது முழுக்கச் சம்பளமாகவே கணக்காகும், 30 சதவீத வரம்பில் செஸ்ஸோடு 9 லட்சத்துக்கு மேல் வரி, யாரிடமும் விற்க முடியாத ஒரு பங்குக்கு! 2020 பட்ஜெட்டில் வரியைத் தள்ளிப்போடும் சலுகை வந்தது, ஆனால் தனிச் சான்றிதழ் வாங்கிய ஸ்டார்ட்அப்புகளுக்கு மட்டும், அதுவும் வேலையை விட்ட உடனே முடிந்துவிடும்.

அதனால் 90 நாளை 5 வருடமாக்கித் தரச் சொன்னேன். சதவீதத்துக்கு ஒத்துக்கொண்டவர்கள் இதற்கு இரண்டு வாரம் இழுத்தார்கள், போர்டில் வைத்து ஒருவழியாகக் கடிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள்.

மூன்று வருடம் கழித்து வெளியே வந்தேன். வெஸ்ட் ஆன 5,625 ஆப்ஷன் அப்படியே இருக்கிறது, இன்னும் ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை. எனக்கு முன்னால் சேர்ந்து, ராத்திரி பகல் பார்க்காமல் அந்த ப்ராடக்டைக் கட்டிய ஒருவர் பழைய கடிதத்தோடு விலகினார், 90 நாளில் வரிப் பணம் புரட்ட முடியாமல் அவருடையது முழுக்கப் பூலுக்கே திரும்பிப் போனது, அது எனக்கு இன்றுவரை ஆறவில்லை.