கடல் ஜர்னலுக்குப் பாக்கெட்: அலை, வலை, கப்பல் ஜன்னல்

பழைய தாள், துணி, மிச்சத் துண்டுகளைச் சேர்த்து நாமே தைக்கும் நோட்டுதான் ஜங்க் ஜர்னல். அதில் முதலில் கிழிவது பக்கத்தில் ஒட்டும் தாள் பாக்கெட்தான். அதிலும் வாயின் இரண்டு மூலைகள். உள்ளே செருகிய டேகை, அதாவது எழுதவோ வரையவோ வைக்கும் சின்ன அட்டையை, உருவும் ஒவ்வொரு முறையும் இழுவிசை அந்த இரண்டு புள்ளிகளில்தான் விழுகிறது. கடல் தீம் என்றதும் லேஸ், முத்து, சிப்பி என்று அலங்காரத்துக்கு ஓடுகிறோம்; மூலையை யாரும் கவனிப்பதில்லை. அதனால் இங்கே பாதிப் பேச்சு பசையையும் மடிப்பையும் பற்றித்தான் இருக்கும்.

எல்லா அளவும் ஏ5 பக்கத்துக்கு, அதாவது 14.8 செ.மீ. அகலம், 21 செ.மீ. உயரம்.

முதலில் அலை பாக்கெட். செய்ய எளிது, பார்க்கவும் கடல் மாதிரியே இருக்கும். 120 முதல் 150 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) வரையுள்ள கார்ட்ரிட்ஜ் தாள், அதாவது கெட்டியான வரைதாள் வேண்டும். 70 ஜி.எஸ்.எம். ஜெராக்ஸ் தாள் தண்ணீர் பட்டதும் அப்பளம் போல நெளிந்துவிடும், வேண்டாம். தாளை நனைத்து, அடர் நீலம், இளநீலம், கொஞ்சம் பச்சை கலந்த நீலம் என மூன்று சாயல்களில் வாட்டர் கலர் பூசுங்கள். மேலே தண்ணீர் தேங்கி நிற்காமல், ஆனால் ஈரப் பளபளப்பு இன்னும் போகாமல் இருக்கும் நேரத்தில் கல் உப்பைத் தூவ வேண்டும். ஒவ்வொரு கல்லும் தன்னைச் சுற்றியுள்ள நிறத்தை இழுத்துக்கொள்ளும். அந்த இடம் நுரைக்குமிழி போல வெளுக்கும். தண்ணீர் தேங்கியிருந்தால் உப்பு கரைந்து போகும், காய்ந்துவிட்டால் ஒன்றும் நடக்காது. முழுதாகக் காய்ந்த பிறகு உப்பை ஒரு பொடி விடாமல் துடைத்தெடுங்கள். மிச்சமிருக்கும் உப்பு மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தை வாங்கிப் பக்கத்தைப் பிசுபிசுக்க வைக்கும்.

கரைக்கு வேண்டிய மணல் நிறத்துக்கு 200 மி.லி. வெந்நீரில் 2 டீஸ்பூன் இன்ஸ்டன்ட் காபித்தூள் போதும்.

இப்போது கிழிக்கும் வேலை. கத்தரிக்கோலால் வெட்டிய அலை, பள்ளிக்கூடப் பலகையில் ஒட்டிய அலை மாதிரிதான் இருக்கும். கையால் கிழித்தால் தாளின் வெள்ளை உட்பகுதி ஓரத்தில் தெரியும், அதுவே நுரை. நிறம் பூசிய பக்கம் மேலே இருக்கட்டும். நமக்கு வேண்டிய துண்டை இடக்கையில் அசையாமல் பிடித்து, வேண்டாத துண்டை வலக்கையால் நம் பக்கமாக மேலே இழுத்துக் கிழித்தால் இடக்கைத் துண்டில் வெள்ளை ஓரம் நிற்கும். எதிர்ப்பக்கம் இழுத்தால் வெள்ளை பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். கடையில் வாங்கும் நீலத் தாள் கூழிலேயே சாயம் ஏற்றியதாக இருந்தால் எப்படிக் கிழித்தாலும் வெள்ளை வராது. அதனால்தான் வெள்ளைத் தாளை நாமே பூசச் சொல்கிறேன்.

ஒரே அளவு வளைவாகக் கிழிக்காதீர்கள். ஒரு அலை உயர்ந்தால் அடுத்தது தணிய வேண்டும்.

அடித்தாளை 14.8 x 12 செ.மீ. அளவில் வெட்டி, மேல் ஓரத்தில் 1 செ.மீ. பின்பக்கமாக மடித்து ஒட்டிவிடுங்கள். உயரம் 11 செ.மீ. ஆகும், வாயும் இரட்டைத் தாளாகிவிடும். இதன்மேல் மேலிருந்து கீழாக நான்கு பட்டைகள்: அடர் நீலம், இளநீலம், பச்சை நீலம், கடைசியில் மணல். தூரத்துக் கடல் மேலே, கரை கீழே. அடுத்த பட்டை முந்தையதன் மேல் 1.5 செ.மீ. ஏற வேண்டும். முதல் அலை வாயைத் தாண்டி அரை செ.மீ.க்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் விரல் பட்டுப் பட்டுச் சுருண்டுவிடும்.

அலங்காரம் முழுவதும் முடிந்து காய்ந்த பிறகே பாக்கெட்டைப் பக்கத்தில் ஒட்ட வேண்டும். ஒட்டிவிட்டு அலங்கரித்தால் பசையின் ஈரம் மூன்று தாளையும் சேர்த்து நெளிய வைக்கும். வெள்ளைப் பசையைத் தூரிகையால் மெல்லிசாக, மூன்று பக்கமும் 5 மி.மீ. அகலத்தில் தடவுங்கள். ஓரத்திலிருந்து 2 மி.மீ. உள்ளே தள்ளித் தொடங்கினால் அழுத்தும்போது பசை வெளியே பிதுங்காது. பாக்கெட்டுக்குள் ஒரு பட்டர் பேப்பர் துண்டை விட்டு, மேலே கனமான புத்தகம் வைத்து இரவு முழுக்க விடுங்கள். பட்டர் பேப்பர் இல்லாவிட்டால் காலையில் பாக்கெட் வாயை மூடிக்கொண்டிருக்கும். வாயின் இரு மூலைகளிலும் ஊசி நூலால் மூன்று தையல் போட்டு முடிச்சிடுங்கள். வெறும் கம் ஸ்டிக்கை நம்பி விட்ட மூலைகள் சீக்கிரம் பிரிந்துவிடும்.

இன்க்ஜெட்டில் அச்சடித்த மீன் படமோ வரைபடமோ இருந்தால் மட்டும் கம் ஸ்டிக்கே சரி, வெள்ளைப் பசை பட்டால் மை கசியும். லேசர் பிரிண்டுக்கும் ஜெராக்ஸுக்கும் அந்தக் கவலை இல்லை.

வலை பாக்கெட்டுக்குப் பூண்டோ ஆரஞ்சோ வரும் வலைப் பை அச்சு அசல் மீன்வலை. ஆனால் அது பிளாஸ்டிக். வெள்ளைப் பசை அதில் ஒட்டவே ஒட்டாது. எவ்வளவு ஊற்றினாலும் காய்ந்ததும் தோல் போல உரிந்து வந்துவிடும். வழி இதுதான்: வலையை 11 x 9 செ.மீ. வெட்டுங்கள். கெட்டித் தாளில் 1 செ.மீ. அகலமுள்ள ‘ப’ வடிவச் சட்டம் இரண்டு வெட்டி, வலையின் மூன்று ஓரத்தையும் அவற்றுக்கு நடுவே டபுள் சைடு டேப் வைத்து அழுத்தி, ‘ப’வைப் போலவே வாய் மேலே இருக்கும்படி பக்கத்தோடு சேர்த்துத் தைத்துவிடுங்கள். தையல் துளைகளுக்கு இடையே 5 மி.மீ. இருக்கட்டும். நெருக்கிக் குத்தினால் தபால் தலை ஓரம் மாதிரி அந்தக் கோட்டிலேயே கிழியும். வலை நூல் பிரியாமலிருக்க, பையின் நெய்த ஓரம் வாய்ப்பக்கம் வரும்படி வெட்டுவது நல்லது.

தைக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு மருந்துக்கடைக் காஸ் துணி இருக்கிறது. பருத்தி என்பதால் பசையை நன்றாகப் பிடிக்கும், டீத்தண்ணீரில் நனைத்தால் பழைய வலையின் நிறமும் வரும். வெட்டப்போகும் கோட்டில் பசையும் தண்ணீரும் சம அளவு கலந்து தடவி, காயவிட்டுப் பிறகு வெட்டுங்கள், இழை பிரியாது.

கப்பல் ஜன்னல் பாக்கெட்டுக்கு வட்டம் போட காம்பஸ் தேட வேண்டாம். 2.4 அளவு வளையலின் உள்வட்டம் ஏறக்குறைய 5.7 செ.மீ. 9 x 9 செ.மீ. தாளின் நடுவே அந்த வட்டத்தை வெட்டியெடுத்து, பின்புறம் 7 செ.மீ. சதுர ஓ.எச்.பி. ஷீட்டை (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளை) டேப்பால் ஒட்டுங்கள். சுற்றிலும் எட்டுப் புள்ளிகள் வைத்தால் அதுவே திருகாணி. 8 செ.மீ. அகலமும் 11 செ.மீ. நீளமும் உள்ள டேக் ஒன்றில் மீன், இன்னொன்றில் தூரத்துப் படகு, மூன்றாவதில் வெறும் இருட்டு நீலம் என்று வரைந்து வைத்தால், செருகும் டேகுக்கு ஏற்ப ஜன்னலில் கடல் மாறும். இங்கே ஓரப்பசை 3 மி.மீ. தாண்டக்கூடாது, தாண்டினால் டேக் சிக்கும். ஷீட்டுக்கும் தாளுக்கும் நடுவே பாசிமணி போட்டுக் குலுக்கும் வகையும் உண்டு. அழகுதான், ஆனால் நுரை டேப்பும் மணியும் சேர்ந்து பருமன் ஏறிவிடும். ஒரு ஜர்னலுக்கு ஒன்று, அதுவும் கடைசிப் பக்கத்தில்.

நிஜச் சிப்பியும் மணலும் பலருக்கும் ஆசை. சிப்பி எதிர்ப்பக்கத்தில் குழி பதிக்கும். மணல் உப்புத்தாளாக மாறி எதிரே எழுதியதைத் தேய்த்தழிக்கும். மணல் வேண்டுமென்றால் பாக்கெட்டுக்குள் செருகும் சிறிய ஜிப் கவரில் போட்டு வையுங்கள்.

பருமன் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். பாக்கெட், அலைப் பட்டைகள், கெட்டி டேக் எல்லாம் சேர்ந்தால் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 1 மி.மீ. கூடும். பத்துப் பாக்கெட் என்றால் 1 செ.மீ. முதுகு அப்படியே இருக்க, திறக்கும் பக்கம் மட்டும் முதலை வாய் மாதிரி பிளந்து நிற்கும். ஒவ்வொரு கட்டுத் தாளைத் தைக்கும்போதே, பாக்கெட் வரும் பக்கங்களுக்கு இடையில் 4 செ.மீ. பட்டையை இரண்டாக மடித்து முதுகோடு சேர்த்துத் தைத்துவிட்டால் இரு பக்கமும் சமமாக உயரும். பாக்கெட்டுகளையும் ஒரு பக்கத்தில் கீழே, அடுத்ததில் மேலே, அதற்கடுத்து ஓரத்தில் என்று மாற்றி வையுங்கள்.

கடலோர ஊரில் இருப்பவர்கள் இரும்பு ஸ்டேப்ளர் முள்ளையும் மலிவு ஐலெட்டையும் (துளை ஓரத்தில் அடிக்கும் உலோக வளையம்) தவிர்த்துவிடுங்கள். உப்புக் காற்றில் துரு ஏறி, பாக்கெட்டைச் சுற்றிப் பழுப்பு வட்டம் விழும். அதற்குப் பதில் கெட்டி நூலும் முடிச்சும் போதும்.