மூன்றாம் நாள் ரிப்போர்ட்

மாரடைப்போடு ஒருவரைக் கொண்டுவந்து சேர்க்கும் அன்று குடும்பத்தார் அதிகம் பேசுவதில்லை. மூன்றாம் நாள்தான் கேள்விகள் வரும். அதற்குள் யாராவது ஒருவர் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் போனில் படம் பிடித்திருப்பார். எந்த எண் அளவுக்கு மேலே இருக்கிறதோ அதைப் பெரிதாக்கிக் காட்டி, பிழைப்பாரா என்று கேட்பார். பினாங்கில் இதய நோய் வார்டில் தாதியாக இருக்கும் எனக்கு, அதிகம் பேச வேண்டியிருப்பது அந்த நாளில்தான்.

பெரும்பாலும் அந்த எண் சிஆர்பி. உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் புரதம் அது. பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி பிடித்து வந்த ஒரு மகள் இப்படித்தான் போனை நீட்டினார். “மிஸ்ஸி, அஞ்சுக்குக் கீழ இருக்கணும்னு போட்டிருக்கு. அப்பாவுக்கு 140. எங்க சித்தப்பாவுக்கு அட்டாக் வந்தப்ப 12தான் இருந்துச்சு. அப்பாவுக்கு அவ்வளவு மோசமா?”

சித்தப்பாவின் ரிப்போர்ட் வேறொரு ஆஸ்பத்திரியில் எடுத்தது. அதுவும் அவர் போனில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அப்பாவுடையது ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. சித்தப்பாவுடையது ஒரு டெசிலிட்டருக்கு. பத்தால் பெருக்கினால் சித்தப்பாவுடையது 120. அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்தது அதற்குப் பிறகுதான். எண்ணுக்குப் பின்னால் சிறியதாக அச்சிட்டிருக்கும் அளவையும் சேர்த்துப் படியுங்கள் என்று அன்று முதல் எல்லாருக்கும் சொல்லி வருகிறேன்.

1930இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் டில்லெட்டும் ஃபிரான்சிஸும் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டெடுத்த புரதம் இது. இதயத்தில் உற்பத்தியாவது அல்ல, கல்லீரல் செய்வது. ரத்தம் போகாமல் இதயத் தசை செத்ததும், அதைச் சுத்தம் செய்ய வெள்ளணுக்கள் ஓடி வருகின்றன. அங்கிருந்து கிளம்பும் இன்டர்லூகின் 6 என்ற செய்தி கல்லீரலுக்குப் போய்ச் சேர, சிஆர்பி ஏறத் தொடங்குகிறது. இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கசியும் ட்ரோபோனின் என்ற புரதம் சில மணி நேரத்தில் உயர்ந்து மாரடைப்பைக் காட்டிக்கொடுத்துவிடும். சிஆர்பி அதற்குப் பின்னால் வந்து, இரண்டு மூன்று நாளில் உச்சியைத் தொடும். ஆக, குடும்பத்தார் படம் பிடிக்கும் நாள்தான் அந்த எண் மிகப் பெரியதாக இருக்கும் நாள்.

உச்சம் எவ்வளவு உயரம் என்பதில் அர்த்தம் இல்லாமல் இல்லை. தசை அதிகமாகச் செத்தால் அழற்சியும் அதிகமாக இருக்கும். சிஆர்பி மிக உயர்ந்தவர்களிடையே இதயச் செயலிழப்பும் மரணமும் கூடுதல் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சாதாரண ரத்த அணுப் பரிசோதனையிலேயே இன்னொரு குறியும் கிடைக்கிறது: வெள்ளணுக்களில் நியூட்ரோஃபில் என்ற வகையின் எண்ணிக்கையை லிம்ஃபோசைட் என்ற வகையின் எண்ணிக்கையால் வகுத்தால் வரும் விகிதம். மாரடைப்பின்போது முன்னது ஏறும். உடம்பின் அழுத்த ஹார்மோன்களால் பின்னது இறங்கும். கூடுதல் செலவே இல்லாத கணக்கு என்பதால் இளம் டாக்டர்கள் ரவுண்ட்ஸில் சட்டென்று போட்டுப் பார்க்கிறார்கள். ஆனால் எதற்கு மேல் போனால் ஆபத்து என்பதில் ஆய்வுக்கு ஆய்வு எல்லை மாறுகிறது.

இவை எல்லாமே கூட்டத்தைப் பற்றிச் சொல்பவை. கட்டிலில் படுத்திருக்கும் ஒருவரைப் பற்றிக் கேட்டால், சிஆர்பியை விடப் பழைய விஷயங்கள்தான் அதிகம் சொல்கின்றன. மாரடைப்பு வந்தவருக்கு ஆபத்து எவ்வளவு என்று கணிக்க டாக்டர்கள் பயன்படுத்தும் கிரேஸ் மதிப்பெண்ணில் எட்டு விஷயங்கள் உண்டு: வயது, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், கில்லிப் நிலை, வரும்போதே இதயம் நின்றதா, ஈசிஜி மாற்றம், ட்ரோபோனின் போன்றவற்றின் உயர்வு. சிஆர்பி அதில் இல்லை. கில்லிப் நிலை என்பது 1967இல் கில்லிப்பும் கிம்பலும் 250 நோயாளிகளைப் பார்த்து எழுதியது. நுரையீரலில் நீர் கோத்த சத்தம் கேட்கிறதா, உடம்பு ஜில்லிட்டு ரத்த அழுத்தம் விழுந்துவிட்டதா என்று கையாலும் காதாலும் அறிவது. அன்று எந்தச் சத்தமும் இல்லாதவர்களில் இறந்தவர்கள் 6 விழுக்காடு. ரத்த அழுத்தம் விழுந்து அதிர்ச்சி (ஷாக்) நிலைக்குப் போனவர்களில் 81 விழுக்காடு. அடைத்த ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் இல்லாத காலத்து எண்கள், இன்று நிலைமை எவ்வளவோ மேல். ஆனாலும் அந்த வரிசை மாறவில்லை. இரவு ஷிப்டில் நாடியையும் மூச்சையும் எண்ணி எழுதும்போது அவசரப்படாதீர்கள் என்று புதிதாக வரும் தாதிகளிடம் நான் வற்புறுத்துவது இதனால்தான்.

சிஆர்பி எனக்கு உதவுவது வேறு இடத்தில். ரத்தத்தில் அதன் அரை ஆயுள், அதாவது இருப்பது பாதியாகக் குறைய ஆகும் நேரம், ஏறக்குறைய 19 மணி. அழற்சி அடங்கினால் நாளுக்கு நாள் மளமளவென்று இறங்க வேண்டும். அந்த மகளின் அப்பாவுக்கு இறங்கிக்கொண்டே வந்தது, ஐந்தாம் நாள் மறுபடி ஏறியது. நெஞ்சு வலி இல்லை, ஈசிஜியில் மாற்றமில்லை. போர்வையை விலக்கிப் பார்த்தால், இடது முன்கையில் ஊசிக் குழாய் செருகிய இடத்திலிருந்து ரத்த நாளம் ஓடும் வழியெங்கும் சிவந்து, தொட்டால் கயிறு மாதிரி விறைத்திருந்தது. “லேசா கடுக்குது மிஸ்ஸி, இதுக்குப் போயி உங்களக் கூப்பிடணுமான்னு இருந்துட்டேன்” என்றார். குழாயை எடுத்தோம், டாக்டர் கிருமி வளர்கிறதா என்று பார்க்க ரத்தத்தைக் கல்ச்சருக்கு அனுப்பி மருந்து தொடங்கினார். இரண்டாம் முறை ஏறும் எண் கிருமியைத் தேடச் சொல்கிறது. சளி, சிறுநீர், ஊசி குத்திய இடம் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும்.

சரி, அழற்சிதான் ஆபத்து என்றால் அதை அடக்கிவிட்டால் என்ன? அறிஞர்களும் அதையே கேட்டார்கள். முன்பு மாரடைப்பு வந்து, சிஆர்பி லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் குறையாதவர்களிடம் அழற்சியை அடக்கும் கேனகினுமாப் ஊசியைச் சோதித்த கேன்டோஸ் ஆய்வு 2017இல் வெளியானது. மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவை சேர்ந்து சுமார் 15 விழுக்காடு குறைந்தன. ஆனால் கிருமித் தொற்றால் இறந்தவர்கள் கூடினார்கள். மொத்த மரணம் குறையவில்லை. அப்புறம் அழற்சியை அடக்கும் இன்னொரு மருந்து, கோல்சிசின். கௌட் என்ற மூட்டு வீக்கம் வந்த நம் ஆட்கள் பலருக்குப் பழகிய மாத்திரை. நம் கார்த்திகைப் பூச் செடியின் கிழங்கிலும் விதையிலும் இருக்கும் அதே நஞ்சு. 2019இல் வந்த கோல்காட் ஆய்வில் பலன் தெரிந்தது. 2024இல் அதைவிடப் பெரிய கிளியர் ஆய்வில் பலன் தெரியவில்லை. செத்த தசையைச் சுத்தம் செய்து தழும்பு கட்டுவதும் இதே அழற்சிதானே. எப்போது, யாருக்கு, எவ்வளவு அடக்குவது என்பது இன்னும் முடியாத வழக்கு.

இதை நோயாளியிடம் சொல்லாமல் விடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். வீட்டுக்குப் போகிற அன்று அந்த அப்பா பையிலிருந்து மூட்டுவலி மாத்திரை அட்டையை எடுத்தார். “இதுவும் அழற்சிக்குத்தானே மிஸ்ஸி? இனி தினம் ஒண்ணு போட்டா நெஞ்சுக்கும் நல்லதுதானே?” இல்லை ஐயா என்றேன். டாக்டர் எழுதிக் கொடுத்த ஆஸ்பிரினை விடாதீர்கள், ஆனால் இந்த வகை வலி மாத்திரைகள் மாரடைப்புக்குப் பின் ஆபத்தைக் கூட்டும் என்று சொல்லி டாக்டரைக் கூப்பிட்டேன். டாக்டர் மூட்டுக்குப் பாராசிட்டமாலும் பிசியோதெரபியும் எழுதினார். மகள் அந்த அட்டையையும் படம் பிடித்து, வீட்டில் இதே மாதிரி வேறு என்னென்ன இருக்கிறது என்று அம்மாவுக்குப் போன் போட்டார்.